நோயாளியின் வாயை யார் பார்ப்பது?

(அளவெட்டியில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்திருக்கும் நம் தோட்டத்துப் பெண்களின் சந்திப்பில் பேசியது. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து விடியற்காலையில்தான் வந்து இறங்கினோம். ஊருக்குள் நுழைந்ததும் எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், "இது நாதஸ்வரத்துக்குப் பெயர்போன ஊர்" என்றார். உண்மைதான். என். கே. பத்மநாதன் நாதஸ்வரம் வாசித்த ஊர், தட்சிணாமூர்த்தி தவில் வாசித்த ஊர். வாயும் மூச்சும் பலருக்குச் சோறு போட்ட ஊர் இது. நாங்கள் பேச வந்திருப்பதும் வாயையும் மூச்சையும் பற்றித்தான். ஆனால் படுக்கையில் கிடக்கிறவரின் வாயைப் பற்றி.

உங்களில் பாதிப் பேர் எங்களிடம் படித்தவர்கள். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் முழித்தவர்கள்கூட இன்று ஒரு வீட்டையே தாங்குகிறீர்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே தனித்திருக்கும் அம்மம்மாவையும் ஐயாவையும் குளிப்பாட்டுகிறீர்கள், குளிசை கொடுக்கிறீர்கள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். இதையே ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பயிற்சி பெற்ற தாதி செய்தால் அது தாதியர் சேவை. நீங்கள் செய்தால் "கூட நிற்கிற பிள்ளை". பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். அந்த வேலையில் முதலில் விடுபட்டுப் போவது வாய்.

எங்கள் வீட்டிலேயே அது விடுபட்டது. அப்பாயிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குக் கொண்டுவந்து ஒரு குறையும் இல்லாமல் பார்த்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். தினமும் உடம்பு துடைத்தோம், தலை சீவினோம், திருநீறு பூசினோம். வாயை மட்டும் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. "பொக்கை வாய்தானே, தேய்க்கிறதுக்குப் பல்லா இருக்கு?" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். பக்கத்து லயத்துக்கு வந்த மருத்துவிச்சி அம்மா ஒருநாள் எட்டிப்பார்த்தார். டோர்ச் அடித்து, விழுந்த பக்கக் கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே முதல்நாள் ஊட்டிய சோறு உருண்டையாக இருந்தது. நாக்கில் தயிர் படிந்தமாதிரி வெள்ளை. அப்பாயி பல நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பிடிவாதம். எரிச்சல் என்று சொல்ல அதற்குப் பேச்சு வரவில்லை. அடுத்த கிழமை காய்ச்சல், இருமல். நியூமோனியா என்றார்கள். அதோடு போய்விட்டது. வாயைச் சுத்தம் செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நாங்கள் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கடைசிக் கிழமைகளில் அந்த எரிச்சலாவது இருந்திருக்காது.

வாய்க்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நல்ல உடம்புள்ளவர் பேசும்போதும் மெல்லும்போதும் எச்சில் ஊறி வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் மெல்லுவதும் குறைவு, பேசுவதும் குறைவு. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவார். சில குளிசைகளும் எச்சிலை வற்றச் செய்யும். அப்போது கிருமி பெருகுகிறது. விழுங்கும் தசை பலமில்லாதவருக்கு அந்த எச்சில் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதை இரண்டு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1999இல் வெளிவந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பராமரிப்பவர் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நியூமோனியா வந்தது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 பேருக்கு. பல் இல்லாதவர்களுக்கும் அதனால் நன்மை கிடைத்தது. பெரிய மருந்து ஒன்றும் இல்லை, ஒரு பிரஷும் ஒரு மனுசரின் ஐந்து நிமிடமும்தான்.

இனி எப்படிச் செய்வது. முதலில் ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடியாவிட்டால் தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்புங்கள். மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ் போதும், குழந்தைப் பிள்ளைகளின் பிரஷ் நல்லது. புளோரைட் உள்ள பற்பசை, பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். நுரை தள்ளினால் துப்பத் தெரியாதவருக்குப் புரையேறும். பல், முரசு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம், எல்லாவற்றையும் மெதுவாகத் தேயுங்கள். பாரிசவாதக்காரருக்கு விழுந்த பக்கக் கன்னத்தை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பாருங்கள். அந்தப் பக்கம் சோறு தங்குவது அவருக்கே தெரியாது. காலையிலும் இரவு படுக்கமுன்னும் கட்டாயம். ஒரு நேரம்தான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள்.

நினைவு இல்லாதவருக்கு ஈரமான கோஸ் துணியைப் பிழிந்து, ஈரம் சொட்டாமல் துடைத்தெடுக்க வேண்டும். விரலைப் பல்லுக்கு நடுவே விடாதீர்கள். அவர் வேண்டுமென்று கடிப்பதில்லை, ஆனால் கடி கடிதான். கையுறை போடுங்கள்.

கட்டுப்பல் போட்டிருந்தால் இரவில் கழற்றுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும், பற்பசை தேய்த்தால் கீறல் விழும். சவர்க்காரமும் பிரஷும் போட்டுக் கழுவி, பச்சைத்தண்ணீரில் போட்டு வையுங்கள். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் இருக்கட்டும். கை வழுக்கி விழுந்தாலும் உடையாது. (கட்டுப்பல் உடைந்தால் சம்பளத்தில் கழித்த கதை ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.)

எலுமிச்சைச் சாறும் கிளிசரினும் தொட்டு வாய் துடைப்பது முன்பு ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தது. இப்போது வேண்டாம் என்கிறார்கள். புளிப்பு பல்லை அரிக்கும், வாய் இன்னும் காயும். உதடு வெடித்தால் ஏதாவது களிம்பு தடவலாம். ஒட்சிசன் வைத்திருப்பவருக்கு மட்டும் வசலின் தடவாமல் தாதியிடம் கேட்டுத் தடவுங்கள்.

இங்கிருந்து தெல்லிப்பழை பக்கம்தான். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் அங்கே கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. கழுத்துக்கும் முகத்துக்கும் கதிர்ச் சிகிச்சை எடுத்துவிட்டு வருகிறவர்களை வீட்டில் பார்ப்பவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்களின் வாய் வெந்த வாய் மாதிரி இருக்கும். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கமுன்னும் கொப்பளிக்கக் கொடுங்கள். விழுங்க வேண்டாம், தினமும் புதிதாகக் கரையுங்கள். உறைப்பும் சூடும் வேண்டாம். கெட்ட பல் இருந்தால் கதிர் வைக்கமுன்பே பல் வைத்தியரிடம் காட்டித் தீர்த்துவிட வேண்டும். கதிர் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். வருடங்கள் கழிந்த பிறகும், "கதிர் எடுத்தவர்" என்று பல் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது நம் மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, அட்டைக்கடிக்குப் புகையிலை என்று வளர்ந்தவர்கள் நாம். கொழுந்து மலையில் வெற்றிலைப் பை இல்லாத இடுப்பு எது? புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. வெற்றிலையை விடு என்று பிரசங்கம் செய்தால் எங்கள் அம்மாவே கேட்கமாட்டார், அதனால் இன்னொன்று கேட்கிறோம். தினமும் வாய் துடைக்கும் கை உங்களுடையது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, மூன்று விரல் நுழைய வாய் திறக்க முடியாமை, இவற்றை வைத்தியருக்கு முன் பார்க்கப்போவது நீங்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில் வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது. பார்த்தவர்கள் வைத்தியர்கள் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பல் கிளினிக் வந்தால் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று வாயைத் திறப்பார்கள். அதே பிள்ளையின் வீட்டில் பாட்டியின் வாயை எவரும் பார்ப்பதில்லை. தோட்டத்தில் வைத்திய முகாம் நடத்தக் கேட்கும்போது பல் வைத்தியரும் வர வேண்டும் என்று இனி நம் கிளைகள் எழுத்தில் கேட்கட்டும்.

இனி நம் வேலைக் கதை. 2011இல் சர்வதேச தொழில் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கென்று 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வீட்டு வேலையும் வேலைதான், அதற்கும் ஓய்வுநேரமும் எழுத்தில் நிபந்தனையும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நோயாளியின் வாயைச் சுத்தம் செய்யும் நேரம் உங்கள் தூக்கத்தில் எடுக்கும் நேரம் அல்ல. பிரஷ், கையுறை, கோஸ், டோர்ச் இவற்றை உங்கள் சம்பளத்தில் வாங்கக் கூடாது, வீட்டுக்காரர்தான் வாங்கித்தர வேண்டும். பொருள் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து மகளோ மகனோ வீடியோவில் அழைக்கும்போது, "அம்மாட வாயில புண் இருக்குது, இதைப் பாருங்கோ" என்று நேரே காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் நன்றிதான் சொல்வார்கள். பார்த்ததை எந்தத் தேதி பார்த்தீர்கள் என்று கொப்பியில் எழுதியும் வையுங்கள். நாளை ஏதாவது நடந்தால், "பிள்ளை கவனிக்கவில்லை" என்ற பழி முதலில் உங்கள் மேல்தான் வரும்.

பேச்சு போதும். நடுவில் போட்டிருக்கும் கட்டிலில் நம் பெரியவர் நோயாளியாகப் படுக்கச் சம்மதித்திருக்கிறார், கட்டுப்பல்லோடு. இருவர் இருவராக வாருங்கள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள். டோர்ச்சும் பிரஷும் மேசையில் இருக்கின்றன, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்.