இந்தக் கேபிள் எங்கே போகிறது?



ஒதியம்பட்டுக்காரர் ஊர்ப் பெருமை பேசுவார் என்று செயலாளர் நினைத்திருப்பார். நான் பேச வந்தது ரௌட்டர் பெட்டியின் பின்பக்கத்தைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பக்கத்து மனைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ரீசர்வே எண் இருக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் எண்ணும் இருக்கும். அதோடு விடமாட்டார்கள். இன்னார் மனைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று நான்கெல்லையும் எழுதுவார்கள். வாங்கியவரும் விற்றவரும் போன பிறகு, அந்த இடத்தை முன்பின் பார்க்காத ஒருவர் வந்து கண்டுபிடிக்க வேண்டுமே!

ரௌட்டரில் கேபிள் செருகும் வாயிலுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். 0/0, 0/1 என்று அதற்கு எண்ணைக் கம்பெனியே கொடுத்துவிடுகிறது. அது சர்வே எண் மாதிரி. நான்கெல்லையை நாம்தான் எழுத வேண்டும். அதற்கென்றே 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சிஸ்கோ ரௌட்டர்கள் பலவற்றில் 240 எழுத்து வரை எழுதலாம்.

எழுதச் சொன்னால் லேப்பில் வரும் முதல் கேள்வி: "இது இல்லாமலே பிங் போவுதே சார்?" நியாயமான கேள்விதான். நாம் என்ன எழுதினாலும் பாக்கெட் போகும் வழி மாறாது. "லிங்க்", "மெயின்", "புது லைன்" என்று எதையோ தட்டிவிட்டுப் பையன்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். புது லைன் எத்தனை வருஷத்துக்குப் புதுசு?

கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறு மாதிரி மடக்குவார்கள். "பக்கத்து மெஷின் யாருன்னு அதுவே சொல்லிடும் சார்." உண்மை. சிஸ்கோவின் சி.டி.பி., 2005-இல் தரமாக வந்த எல்.எல்.டி.பி. இரண்டும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அடுத்த முனையிலிருந்து செய்தி நின்றுபோனால், மாற்றாமல் விட்ட அமைப்பில் எல்.எல்.டி.பி. 120 விநாடியிலும் சி.டி.பி. 180 விநாடியிலும் அந்தப் பெயரை மறந்துவிடும். நாம் தேடப் போவதோ கேபிள் அறுந்த பிறகு!

நம்முடையது புயல் அடிக்கிற கரை. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். அந்த நேரத்தில் பழுது பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு ஒரு அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் வருகிற அவசரத்தில் எல்லாக் கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். அது சரியான காரியம். ஆனால் எதை எதில் செருகுவது? போட்டவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பதினோரு கேபிள், நான்கில் மட்டும் சீட்டு, அதிலும் இரண்டில் "மெயின்". ஒன்றரை நாள் ஆனது. சான்றிதழுக்கு வந்த சனம் வராந்தாவில் நின்றது.

அதனால் இப்போது நான் பாடத்தை வேறு விதமாக நடத்துகிறேன். மூன்று ரௌட்டர்களுக்கு வில்லியனூர், பாகூர், ஒதியம்பட்டு என்று பெயர். முதல் குழு இணைத்து, எழுதி, வெளியே போய்விட வேண்டும். நான் இரண்டு கேபிளை உருவிவிடுவேன். இரண்டாவது குழு யாரையும் கேட்காமல் சரி செய்ய வேண்டும். அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து முதல் குழுவுக்கு மதிப்பெண். சண்டை வரும். வரட்டும். மறுவாரம் அதே பிள்ளைகள் "பாகூர் ரௌட்டர், போர்ட் 0/2, தொலைபேசிக் கம்பெனியின் சர்க்யூட் எண், போட்ட தேதி" என்று எழுதுகிறார்கள். கேபிளின் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டுகிறார்கள். மின்சாரம் போனால் எழுதியது அழியாமலிருக்க, சேமித்தும் வைக்கிறார்கள். இன்னும் வராத பழக்கம் ஒன்று உண்டு: கேபிளை மாற்றினால் சீட்டையும் அன்றே மாற்றுவது. பழைய சீட்டை நம்பிப் போனவன் நல்ல லைனைப் பிடுங்கிவிடுவான்.

பெரிய பதவிகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ரௌட்டர் இருந்தால் நம் கல்லூரிக்குக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். ஒட்டிய சீட்டுகளை மட்டும் கிழிக்க வேண்டாம். "புது லைன்" என்று இருந்தால் பாடத்துக்கு ஆகும்.