உக்கியதா, உடைந்ததா?



எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்கவேண்டும். அதிற் பிழைவிட்டவன் நான். "உக்கும்" என்று அச்சிட்டிருந்த பொலித்தீன் பை ஒன்றை மாணவர் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வேலியிற் கட்டினர். மறுபாதியைப் பசளைக் குழியிற் புதைத்தனர். ஓராண்டு கழிந்தது. வேலியிற் கட்டியது தொட்டவுடன் பொடியாய் உதிர்ந்தது. குழியைத் தோண்டிப் பார்க்காமலே, "உக்கிவிட்டது என்று எழுதுங்கள்" என்றேன். கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் இந்தப் பொடி என்ன, ஐயா?" என்று கேட்டாள். நானோ கலைப் பட்டதாரி. விடை தேடச் சில கிழமைகள் சென்றன.

பொலித்தீன் என்பது காபன் அணுக்களைக் கோத்த மிக நீண்ட சங்கிலி. அவ்வளவு நீண்டதை நுண்ணுயிர்கள் உள்ளெடுக்க மாட்டா. ஆகவே, அவை உண்ணக்கூடிய ஒன்றை அதனுடன் கலந்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. பிரித்தானியாவின் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் கிரிபின் 1970களில் பொலித்தீனுடன் மாப்பொருளைக் கலந்தார். மாமணிகள் குறைவாயிருந்தால் பொலித்தீன் அவற்றை மூடிக்கொள்ளும். மேற்பரப்பில் உள்ளவை மாத்திரமே நுண்ணுயிர்களுக்கு எட்டும். மிகுதியாயிருந்தால் மணிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். நுண்ணுயிர்களுக்கு உள்ளே வழி கிடைக்கும். ஆனால் பை பலமிழந்துவிடும். எவ்வாறாயினும் உண்ணப்படுவது மா. விருந்தினர் பலகாரத்தைத் தின்றுவிட்டுத் தட்டை விட்டுப்போவதுபோல, பொலித்தீன் ஓட்டை விழுந்து எஞ்சுகிறது. விலை குறையச் சேர்க்கும் சுண்ணக்கல் தூளையோ எவ்வுயிரும் தின்ன வராது.

எங்கள் பை இன்னொரு வகையைச் சேர்ந்தது போலும். மங்கனீசு, இரும்பு, கோபாற்று ஆகியவற்றின் உப்புக்களைச் சிறிதளவு சேர்த்தால், வெயிலும் வெப்பமும் ஒட்சிசனும் கூடுமிடத்து அவை சங்கிலி அறுவதை விரைவுபடுத்தும். கடையிலேயே உதிர்ந்துவிடாதிருக்க, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளும் அதே பையிற் சேர்க்கப்படுகிறது! ஒன்று முடுக்க, ஒன்று தடுக்க. அறுந்த துண்டுகள் மிகச் சிறுத்தால் நுண்ணுயிர்கள் அவற்றிற் சிலவற்றை உண்ணலாம். மற்றவை நுண்துகள்களாக மண்ணிற் சேரும். இவ்வகைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய சட்டத்தின்படி 2021 யூலையிலிருந்து தடைசெய்தது.

பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமொஜென் நப்பரும் ரிச்சர்ட் தொம்சனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துலக்கமானது. மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டு கிடந்தபின்னரும், "உக்கும்" என்று விற்ற பைகள் கடைச் சாமான்களைத் தாங்கின.

மாணவரின் கொப்பிகளில் "உக்கியது" என்பதை வெட்டி "உடைந்தது" என்று எழுதுவித்தேன். பின்னர் எல்லோருமாகப் பசளைக் குழியைத் தோண்டினோம். மாட்டுச்சாணமும் இலைகுழையும் கருமண்ணாய்ப் போயிருந்தன. அவற்றின் அடியிற் கிடந்த பாதிப் பையைக் கேள்வி கேட்ட பிள்ளையே எடுத்துத் துடைத்தாள். "உக்கும்" என்ற எழுத்து நன்றாக வாசிக்கக்கூடியதாயிருந்தது.