அந்தி வெயிலில் கொக்கு

மாலையில் வேலை முடிந்து, குளித்துவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு வாசலில் உட்காரும்போது, செம்பனை மரங்களுக்கு மேலே கொக்குகள் வரிசையாகப் பறந்து போவதைப் பார்க்காத தோட்டத்து மக்கள் உண்டா? இப்பொழுதுதான் எல்லார் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறதே! பிள்ளைகள் ஓடிப்போய்ப் படம் பிடிக்கிறார்கள். ஆனால் படத்தில் கொக்கைக் காணோம். பஞ்சுத் துண்டு போல வெள்ளையாய் ஏதோ ஒன்று தெரிகிறது. அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் வளர்ந்த தோட்டத்தில், ஆலைக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. பொழுது சாய்ந்தால் கரையோரப் புதர்களில் கொக்குகள் வந்து அடையும். ஒரு நாள் கடன் வாங்கிய கேமராவோடு போனேன். கிட்டப் போனால் நன்றாக விழும் என்று கரையை விட்டு இறங்கி நடந்தேன். அத்தனை கொக்கும் ஒரே வீச்சில் எழும்பிவிட்டன. பதறிப்போய் நாலைந்து முறை அமுக்கினேன். கழுவி வந்த படங்களில் வெள்ளைத் திட்டுகள்தாம் இருந்தன. பிறகு தோட்டம் கைமாறியது. குளத்தையும் மண் கொட்டி மூடிவிட்டார்கள். அந்தக் குளம் இருந்ததற்கு என்னிடம் உள்ள சான்று, கெட்டுப்போன அந்தப் படங்கள்தாம்.

என் தவறு இரண்டு. ஒன்று, பறவையை நோக்கி நடந்தது. கரையிலேயே ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொக்கு தானாகவே பக்கத்தில் வந்து மேயும். கூடு கட்டும் காலத்தில் கிட்டவே போகக் கூடாது. தாய்ப்பறவை எழும்பிய நேரம் பார்த்துக் காகம் முட்டையைக் கொத்திவிடும்.

இரண்டாவது தவறு வெளிச்சத்தில். கேமரா, காட்சி முழுவதையும் அளந்து நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் கறுத்த புதரும் நிழல் படிந்த தண்ணீருமாக இருந்தால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். புதர் தெளிவாகும், கொக்கின் இறகு வெளுத்துப்போகும். ஆகவே கைப்பேசித் திரையில் கொக்கின் மேல் விரலை வையுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். அதைக் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாக வரும், வரட்டும். இருட்டை வீட்டில் வந்து கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சோறு வேகாவிட்டால் இன்னும் சற்று அடுப்பில் வைக்கலாம். தீய்ந்துவிட்டால் என்ன செய்வது? வெளுத்துப்போன இறகும் அப்படித்தான். அதன் வரிகள் படத்தில் பதியவே இல்லை; பதியாததை எந்தத் திருத்தமும் கொண்டுவராது.

நம் நாட்டில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். தீபகற்பத்தில் சூரியன் ஏறத்தாழ ஏழு, ஏழரைக்குள் மறைகிறது. (1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், அதற்கு முன் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில்.) மறைவதற்கு முந்திய அரை மணிதான் நமக்கு வேண்டியது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் கொக்கு பொன்னாகும். எதிரே இருந்தால் கறுத்த நிழலுருவாகும். அதுவும் அழகுதான், ஆனால் என்ன பறவை என்று அடையாளம் காண்பது கடினம்.

அடையாளம் முக்கியம், நேயர்களே. மாட்டோடு மேயும் உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள். சின்னக் கொக்கின் அலகு கறுப்பு. விரல்கள் மட்டும் மஞ்சள். பேராக்கின் கோலா குலா சதுப்புக்காட்டில் வாழும் பால்நிற நாரையும் தூரத்தில் வெள்ளைதான்; ஆனால் சிறகோரம் கறுப்பு, முகம் சிவப்பு. அருகிப்போன அந்த நாரையைத் தேசிய மிருகக்காட்சிச் சாலையில் வளர்த்து, மறுபடியும் காட்டில் விட்டிருக்கிறார்கள். அந்திச் சிவப்பு போதவில்லை என்று திருத்தும்போது நிறத்தை அள்ளிப் பூசினால், மஞ்சள் அலகும் சிவந்துவிடும். பறவை எது என்று யார் சொல்வது?

போன மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு படம் கொண்டுவந்தாள். காண் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கு. இறகு ஒவ்வொன்றும் தெரிந்தது. மேலே குறுக்காக ஒரு மின்கம்பி.

“தாத்தா, இந்தக் கம்பியை அழிச்சிடவா? போன்லயே அழிக்கலாம்.”

“ஏம்மா, அது அங்க இல்லையா?”

“இருக்கு தாத்தா. அசிங்கமா இருக்கே.”

“அந்தக் காணை மூடப்போறாங்களாமே. பின்னால யாராவது எந்த இடம்னு கேட்டா, கம்பியைப் பார்த்துத்தானே சொல்லணும்?”

அவள் சற்று யோசித்தாள். பிறகு, தண்ணீர்க்கோடு சாய்ந்திருந்ததை மட்டும் நேராக்கினாள். அலகுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மற்ற ஓரங்களை வெட்டினாள். அச்சிட்டு வாங்கி, பின்பக்கம் தேதியும் தோட்டத்தின் பெயரும் எழுதினாள். படம் இப்பொழுது அவர்கள் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கம்பியும் இருக்கிறது.