மூச்சும் இதயமும் நலிந்தோருக்கு மார்க்கம் தரும் சலுகை

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! நம் மஹல்லாவின் முதியோர் சிலர் நாள்பட்ட நுரையீரல் நோயையும் இதய நோயையும் ஒருசேரச் சுமந்து வாழ்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து வருவது அரிதன்று. பீடி, சிகரெட்டின் புகை சுவாசக் குழாய்களையும் இரத்தக் குழாய்களையும் ஒருங்கே கெடுக்கிறது. விறகடுப்பின் முன் ஆண்டுக்கணக்கில் நின்ற நம் தாய்மார்களும் இதற்கு விலக்கல்லர். நுரையீரல் நலிந்து இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால், இதயத்தின் வலப்பக்கத்திற்குப் பளு கூடுகிறது.

மூச்சிரைப்பு இரு நோய்க்கும் பொது. ஆகவே, 'பழைய இரைப்புத்தானே' என்று இருந்துவிடலாகாது. படுத்தால் மூச்சு முட்டுவதும், கால்கள் வீங்குவதும், சில நாட்களிலேயே எடை கூடுவதும் இதயம் தளர்வதன் அறிகுறிகளாகலாம். தாமதியாது மருத்துவரை நாட வேண்டும்.

நம்மில் சிலர், உளூ முறியுமே என்றஞ்சி வெள்ளிக்கிழமைகளில் சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். ரமளானில் இன்ஹேலரையும் ஒதுக்கி வைக்கின்றனர். இதனைப் பேணுதல் என எண்ணுகின்றனர். இது பேணுதலன்று, உயிர் என்னும் அமானிதத்தை வீணாக்குவதாகும். மாத்திரையின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தலாகாது.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பில் சலுகை அளிக்கின்றன. குணமடையும் நம்பிக்கையில்லாத நோயாளி, விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பதே ஃபித்யா என்பது மார்க்கச் சட்டம். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் வினவியபோது, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆகவே, நாற்காலியில் தொழும் முதியவர் வெட்கப்பட ஏதுமில்லை. அவரை ஏளனமாய் நோக்குபவரே வெட்கப்பட வேண்டும்.

ஜமாஅத்துக்கும் கடமைகள் உண்டு. மாடியேற இயலாதோருக்குக் கீழ்த்தளத்தில் இடமும் நாற்காலியும் ஒதுக்குவோம். தொழுகை நேரத்தில் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையைத் தவிர்ப்போம். பள்ளிவாசல் வாயிலில் எவரும் புகைபிடிக்க இடமளியோம். உப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கும். நோன்புக் கஞ்சியில் அதனைக் குறைப்போம். மருத்துவமனைக்குத் துணையின்றிச் செல்லும் முதியோருடன் நம் இளைஞர்கள் செல்லட்டும். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தல்லவா?

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், நமக்கு அவர்களைப் பேணும் நல்லுள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.