பன்னிரண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

(சாலவாக்கத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கூட்டம் தொடங்கும் முன் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "பையன் பதினொன்று படிக்கிறான். பன்னிரண்டு முடிந்ததும் கடையில் உட்கார வைக்கவா, காலேஜுக்கு அனுப்பவா?" இது அவர் ஒருவருடைய கேள்வியல்ல. நம் சமுதாயத்தில் கடை வைத்திருக்கும் வீடுகள் பலவற்றின் கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "பன்னிரண்டு முடியும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?"

அமெரிக்காவில் பள்ளி மாணவர் படிக்கும்போதே கல்லூரிப் பாடமும் படிக்கிறார். தேறினால் அது பள்ளிக்கும் கணக்கு, கல்லூரிக்கும் கணக்கு. 1955லேயே கனெக்டிகட் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. 1985ல் மின்னசோட்டா மாநிலம் சட்டமே இயற்றி, செலவை அரசு ஏற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடச் செலவு மிச்சம். 'நம்மாலும் கல்லூரிப் பாடம் முடியும்' என்ற தைரியம் அதைவிடப் பெரிய லாபம்.

நமக்கு இது முற்றிலும் புதிதா? இல்லை. தமிழகத்தில் 1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன், பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன் நேரே கல்லூரி வாசலில் பி.யூ.சி. வகுப்பில் நின்றான். 1951ல் தொடங்கிய சென்னை புதுக்கல்லூரியிலும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் நம் முன்னோர் பலர் அந்த இளம் வயதில்தான் கால் வைத்தார்கள்.

திறந்திருக்கும் கதவு

அமெரிக்காவைப் போன்ற ஏற்பாடு நம் நாட்டில் பொது விதியாக இல்லை. ஆனால் அதற்கு நெருக்கமான ஒரு கதவு சென்னை ஐ.ஐ.டி.யில் திறந்திருக்கிறது. 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு அது. நுழைய ஜே.இ.இ. தேர்வு வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். காமர்ஸ் பையனும் சேரலாம். வயது வரம்பு இல்லை.

பதினோராம் வகுப்புத் தேர்வை எழுதியவுடனேயே இதன் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என நான்கு பாடங்கள். நான்கு வாரம் இணையத்தில் படிப்பு, வாராவாரம் பயிற்சி, பிறகு தேர்வு மையத்தில் நேரில் தேர்வு. தேறியவர் பன்னிரண்டை முடித்ததும் பட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. முழுப் பட்டம் வரை போக முடியாதவர் அடிப்படைச் சான்றிதழோடும் டிப்ளமோவோடும் வெளியே வரலாம்.

இன்னொன்று: பதினொன்று, பன்னிரண்டு மாணவருக்கென்றே அதே ஐ.ஐ.டி. எட்டு வாரச் சான்றிதழ்ப் பாடங்களை நடத்துகிறது. பள்ளி மூலம்தான் பதிவு செய்ய வேண்டும். ஆகவே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்!

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்?

"இரண்டிலும் கால் வைத்தால் இரண்டும் கெடாதா?" என்பீர்கள். நியாயமான பயம். பொதுத் தேர்வு கெடும் அளவுக்கு எவரும் இதில் இறங்கக் கூடாது. பதினொன்று முடிந்த கோடை விடுமுறைதான் அதற்குத் தோதான நேரம். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் தமிழ்வழிப் பிள்ளை முதலில் திணறுவான். அதை மறைக்க மாட்டேன். அந்தத் திணறலைக் கல்லூரிக்குப் போய்ப் படுவதைவிட வீட்டிலிருந்தே பட்டுத் தேறுவது நல்லதல்லவா?

சேர்ந்த பிறகும் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறி பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் அனுமதி தந்துவிட்டது. கடையில் இருந்துகொண்டும் படிக்கலாம். வணிகர்களே! எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடும், எது தேங்கும் என்று பேரேட்டைப் புரட்டிச் சொல்கிறீர்களே, தரவு அறிவியலின் வேர் அதுதான். உங்கள் பிள்ளைக்கு அது அந்நியமல்ல.

கல்வெட்டு சொல்லும் பாடம்

நம் தாலுகாவின் தலைநகர் உத்திரமேரூர். அங்குள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு என்ன சொல்கிறது? சபையில் உட்காரக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். ஆனால் வேதமும் பாஷ்யமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்வி பாதிச் சொத்துக்குச் சமமாக எண்ணப்பட்டது! அன்று அந்தக் கல்வி ஒரு வகுப்பாருக்கு மட்டும். இன்று கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாம்தான் வெளியே நிற்கிறோம்.

2007ல் தமிழகத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு பெற்றோம். நாற்காலி போட்டால் போதுமா? உட்காரத் தகுதியான ஆள் வேண்டாமா?

எனவே என் கோரிக்கை மூன்றே மூன்று. வணிகர்களே, படிக்கும் பையனைக் கடையிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டணத்தை ஒரு பிள்ளைக்காவது ஏற்றுக்கொள்ளுங்கள். ஜமாஅத் பெரியோர்களே, மாலையில் ஓர் அறையும் இணைய வசதியும் தாருங்கள். பெண் பிள்ளைகளுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். வாலிபர்களே, ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பெரியவரின் பையன் இந்தக் கோடையில் விண்ணப்பித்தால், அடுத்த வருடம் 'கடையா, காலேஜா?' என்று அவர் கேட்க மாட்டார். 'இரண்டும்' என்று பையனே சொல்வான். சொல்ல வைப்போமா?