மூன்று நாள் கழிந்த பிறகு

(டிரஸ்ட் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

மவுத் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவதில் நாம் குறை வைப்பதில்லை. மூன்று நாள் வீடு நிறைய ஆள். அதற்குப் பிறகு? 2020-ல் மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரு முறை கொதிகலன் வெடித்தது. ஜூலையில் ஆறு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். உதவித்தொகைக்கு மனு எழுத நமக்குத் தெரியும். கதவு படாரென்று சாத்தினால் உடம்பு நடுங்குகிறதே, அதற்கு எந்த மனுவை எழுதுவது?

புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில், ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. கச்சேரி என்று நினைத்துவிட வேண்டாம். இசைச் சிகிச்சையாளர் பதற்றத்தில் இருப்பவருக்கு எடுத்ததும் அமைதியான பாட்டைக் கொடுப்பதில்லை. அவருடைய பதற்றத்தின் வேகத்திலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தைக் குறைப்பார். மூச்சும் கூடவே நிதானத்துக்கு வரும். பாடத் தெரிய வேண்டியதில்லை, முனகினாலே போதும்; மூச்சு நீளமாக வெளியேறும்போது நெஞ்சுப் படபடப்பு தணியும். மருத்துவர் தரும் மாத்திரைக்கு இது மாற்று அல்ல, அதையும் சொல்லிவிடுகிறோம்.

"இசையெல்லாம் நமக்குக் கூடுமா?" என்று ஒரு தாய் கேட்டார். அத்தா மவுத்தானதிலிருந்து அவர் மகன் அழவே இல்லை. கேள்வி நியாயமானது. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-ல் கட்டி முடித்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்காகப் பாடகர்கள் வாரம் மூன்று நாள் வந்ததாக, 17-ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். கருவி வேண்டாம் என்பவர்கள் சிகிச்சையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். குரலும் கைத்தட்டலும் வைத்தே செய்யலாம்.

அந்தத் தாயிடம் நாங்கள் ஒன்றுதான் கேட்டோம்: மகனுக்குப் பழகின பாட்டு எது? அத்தா சைக்கிள் துடைக்கும்போது பாடும் நாகூர் ஹனிபா பாட்டு என்றார். மூன்று தடவை போய்வந்தான். போன வாரம் பாதிப் பாட்டு முனகினானாம். தூக்கம் இன்னும் சரியாகவில்லை.

போக்குவரத்துச் செலவை டிரஸ்ட் ஏற்கும். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது. இத்தாவில் இருக்கும் சகோதரிகளின் வீட்டுக்கு நமது பெண் உறுப்பினர்களே வந்து விவரம் கேட்பார்கள்.