வாயில்லாப் புழுவும் கடைசி பெஞ்சும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். இதே கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஒரு மணி நேர வகுப்பாகவே பேசிப் பழகியவன் நான். பதினைந்து நிமிஷத்தில் கடல் முழுவதையும் சொல்ல முடியாது. ஒரே ஒரு புழுவைப் பற்றிச் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

1983ஆம் வருஷம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வகுப்பு. உணவுச் சங்கிலி பாடம். போர்டில் மேலே சூரியனை வரைந்தேன். கீழே புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. "உலகத்தில் உள்ள எல்லா உயிருக்கும் கடைசியில் சோறு போடுவது சூரியன்தான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், வெளிச்சமே போகாத கடலடியில சூரியன் தயவு இல்லாமலே உயிர் வாழுதாமே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மேலேயிருந்து செத்து விழுறதைத் தின்னு வாழும், அதுவும் சூரியன் போட்ட சோறுதான். சிலபஸ்ல இருக்கிறதைக் கேளு, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். படிப்பு முடியும் வரை என் வகுப்பில் அவன் மறுபடி எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அவன் கேட்டது சரி. அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்து அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆழ்கடல் விஷயத்தில் முதலில் ஏமாந்தவன் நான் இல்லை. 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையாளர், ஏறக்குறைய 550 மீட்டருக்குக் கீழே கடலில் உயிரே இருக்காது என்று கணக்குப் போட்டார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல், ஐந்து கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து பிராணிகளை வாரி எடுத்துவந்து அதைப் பொய்யாக்கியது. ஆனாலும் ஆழ்கடல் ஒரு பாலைவனம், மேலேயிருந்து உதிர்வதைத் தின்று ஏதோ சில ஜீவன்கள் காலம் தள்ளுகின்றன என்ற எண்ணம் அப்படியே இருந்தது. நான் வகுப்பில் சொன்னதும் அதைத்தான்.

1977 பிப்ரவரியில் கலாபகஸ் தீவுகளுக்கு வடகிழக்கே ஓர் அமெரிக்கக் குழு வெந்நீர் ஊற்று தேடிப் போனது. அங்கே கடல்தரைத் தட்டுகள் இரண்டு விலகுகின்றன. விலகும் இடத்தில் பூமியின் சூடு வெளியே வந்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கேமரா கட்டிய இரும்புச் சட்டம் ஒன்றைக் கடலடியில் இழுத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கான படங்களில் வெறும் எரிமலைப் பாறை. தண்ணீரின் சூடு திடீரென்று கொஞ்சம் ஏறிய இடத்தில் மட்டும், பதின்மூன்றே படங்களில், வெள்ளை வெள்ளையாகப் பெரிய சிப்பிகள்!

மறுபடி 'ஆல்வின்' என்ற நீர்மூழ்கியில் இறங்கினார்கள். மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் உருண்டை அது. (இதே ஆல்வின் 1968இல் கம்பி அறுந்து 1,500 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். சுமார் பத்து மாதம் கழித்து மேலே தூக்கியபோது, உள்ளே விட்டுப்போன மதியச் சாப்பாட்டு ரொட்டி ஊறிப்போயிருந்ததே தவிரக் கெட்டுப்போகவில்லையாம். ஆழத்தில் எதுவும் எவ்வளவு மெதுவாக அழுகுகிறது என்ற ஆராய்ச்சியே அதிலிருந்துதான் கிளம்பியது.)

சுமார் 2,500 மீட்டர் ஆழம். நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 250 மடங்கு அழுத்தம். கும்மிருட்டு. விளக்கைப் போட்டால், பாறை வெடிப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் கானல் போல நடுங்கிக்கொண்டு வருகிறது. சுற்றிலும் சிப்பிகள், மட்டிகள், வெள்ளை நண்டுகள். ஓர் இடத்தில் ஆள் உயர வெள்ளைக் குழாய்கள் காடு மாதிரி நிற்க, ஒவ்வொன்றின் நுனியிலும் ரத்தச் சிவப்பில் ஒரு கொண்டை. உள்ளே இருந்த ஜாக் கார்லிஸ், ஆழ்கடல் பாலைவனம் மாதிரி இருக்கும் என்றுதானே சொல்வார்கள் என்று மேலே இருந்த தன் மாணவியிடம் தொலைபேசியில் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பயணத்தில் ஓர் உயிரியல்காரர்கூடக் கிடையாது. எல்லோரும் பாறைக்காரர்கள், வேதியியல்காரர்கள். பிராணிகளைப் பதப்படுத்தக் கொண்டுபோன ஃபார்மலின் கொஞ்சம்தான். போதாததற்குப் பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

கீழேயிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். நம் கெமிஸ்ட்ரி லேபில் சால்ட் அனாலிசிஸ் செய்த எல்லோருக்கும் அந்த நாற்றம் தெரியும். கிப் உபகரணத்தைத் திறந்தவுடன் ஜன்னல் பக்கம் ஓடுவோமே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு! கடல்தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி, சூடான பாறையோடு வினைபுரிந்து, அந்த வாயுவோடு மேலே வருகிறது. நமக்கு அது விஷம்.

இப்போது அந்தக் குழாய்ப்புழுவைப் பாருங்கள். பெயர் ரிஃப்டியா. இரண்டு மீட்டர் வரை வளரும். அறுத்துப் பார்த்தால் வாய் இல்லை, குடல் இல்லை, ஆசனவாயும் இல்லை. உடம்பு நிறையப் பஞ்சு போன்ற ஒரு திசு. எதைத் தின்று இவ்வளவு வளர்ந்தது?

1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மெரிடித் ஜோன்ஸ் என்ற புழு நிபுணர் இதைப் பற்றி வகுப்பெடுத்தார். அந்தத் திசுவில் கந்தகப் படிகங்கள் இருப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த காலீன் கேவனா என்ற மாணவி, முதல் வருஷ ஆராய்ச்சி மாணவிதான், எழுந்து நின்று, அப்படியானால் உடம்புக்குள்ளே கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று சொன்னார். ஜோன்ஸ் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் கொஞ்சம் திசுவைக் கொடுத்தார், பார்த்துக்கொள் என்று. பார்த்தார். ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேலே பாக்டீரியா. 1981இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது; ஜோன்ஸ் பெயரும் அதில் உண்டு.

அந்தச் சிவப்புக் கொண்டையில் இருப்பது நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் தனித்தனி இடத்தில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. பாக்டீரியா சல்ஃபைடை எரித்து, அந்தச் சக்தியில் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குகிறது. இலை வெளிச்சத்தை வைத்துச் செய்கிற சமையலை இது கந்தகத்தை வைத்துச் செய்கிறது. இப்படி வாழும் பாக்டீரியா உண்டு என்று வினோகிராட்ஸ்கி 1880களிலேயே காட்டியிருந்தார். ஆனால் அதை நம்பி ஒரு காடே நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

தாவரவியல் நண்பர்கள் கையைத் தூக்குவதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்: அந்தப் புழு பிடிக்கும் ஆக்சிஜன், மேலே பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியில் உண்டாக்கியது. ஆக, சோற்றைச் சூரியன் போடாவிட்டாலும் அடுப்பெரிய உதவுகிறது. ஆக்சிஜனும் வேண்டாத, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் அந்த ஊற்றுகளில் இருக்கின்றன. அது தனிக் கதை.

இப்போது எவ்வளவோ தூரம் வந்தாயிற்று. குரில்-கம்சட்கா பள்ளத்தில் 9,533 மீட்டர் ஆழத்தில் இப்படிப்பட்ட புழுக்களும் சிப்பிகளும் வாழ்வதைச் சீனக் குழு 2025இல் வெளியிட்டது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவா ஆய்வு மையமும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் எடுத்ததை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். மாணவர்களே, பள்ளிக்கரணை பஸ்ஸில் போகிற தூரம்தான்.

1992இல் ஆசிரியர்களுக்கான ஒரு புத்தொளிப் பயிற்சியில்தான் இதையெல்லாம் நான் முதன்முதலில் வீடியோவில் பார்த்தேன். கேவனா எழுந்து நின்ற கதையையும் அங்கேதான் கேட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. துறையின் பழைய பதிவேட்டில் விலாசம் தேடி, விசாரித்து, நாக்பூரில் பாங்க் வேலையில் இருந்த அந்தப் பையனுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் போட்டேன். நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு என்று எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "ஐயா, மூர் மார்க்கெட்டில் பழைய நேஷனல் ஜியாகிரஃபிக் ஒன்று இரண்டு ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். உங்களிடம் காட்டலாம் என்று அன்றைக்குப் பையில்தான் வைத்திருந்தேன். இன்னும் என்னிடம் இருக்கிறது, அனுப்பட்டுமா?"

அனுப்பினான். 1977 அக்டோபர் இதழ். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் உணவுச் சங்கிலி வகுப்புக்கு அதைக் கொண்டுபோனேன். இன்று காலை நம் நூலகத்தில் கொடுத்துவிட்டேன். தையல் விட்டுப்போயிருக்கிறது, மாணவர்கள் கொஞ்சம் பார்த்துப் புரட்டுங்கள்.